நான்கு மூட்டை மணல்

கண்ணு, இந்தக் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டு படிக்காதே. கிரீஸ் கையைக் கழுவிவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. பத்திரிகை வைப்பது, சமையல்காரரைப் பேசுவது, பந்தல் போடுவது எதுவும் இதில் இல்லை. அதையெல்லாம் உங்கம்மா பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். "எளுதறதுதான் எளுதறீங்க, முளுசா எளுதிப்போடுங்க" என்று மட்டும் சொன்னாள். இந்த நான்கு வருடத்தில் இந்த விஷயமாக அவள் என்னிடம் வாயைத் திறந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன சொன்னாள் என்பதும் இதில் வரும்.

போன வாரம் நீ வீட்டுக்கு வந்தபோது இணைச்சீருக்கு யாரை நிறுத்துவது என்று பேச்சு எழுந்தது. கூறைச் சேலையின் ஒரு முனையை நீயும் மறுமுனையை உன் அக்காவும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய சீர். எனக்கென்று ஒருத்தி வந்தாலும் உடன்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊர் முன்னால் நீ சொல்கிற இடம் அது. நீயோ, "பெரியப்பா பொண்ணு நிக்கட்டுங்ம்மா, அக்காளத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றாய். சொந்த அக்கா கொடுமுடியில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெரியப்பன் மகளை நிறுத்தினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று நான் வீடே அதிரச் சத்தம் போட்டேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அந்தச் சத்தம் போடுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தால் நான்கு வருடத்துக்கு முன்பே வந்திருக்கும்.

அந்தப் பிக்கப் வண்டியில் இருந்துதான் தொடங்க வேண்டும். வாங்கியபோது பின்சக்கரத்துக்கு மேலே பக்கத்துக்கு ஏழு ஸ்பிரிங் பட்டை இருந்தது. தேங்காய் ஏற்றவும் தக்காளிக் கூடை ஏற்றவும் அது தாராளம். நான் அதன் பின்னால் கொக்கி வைத்து, இரண்டு சக்கர டிரெய்லரில் ஜெனரேட்டரை நிறுத்தி இழுக்க ஆரம்பித்தேன். தொண்டாமுத்தூரைச் சுற்றி எந்தக் கல்யாணம், எந்தக் கோயில் நோம்பி என்றாலும் கரண்ட் போனால் நம் ஜெனரேட்டர்தான் என்று பேர் வாங்கியாயிற்று. ஆனால் கொக்கியில் பாரம் விழுந்ததும் வண்டி பின்னால் குந்திக்கொள்ளும், முன்னால் தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கையில் நிற்காது. ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுத் தென்னை மட்டையைக் காட்டும். பட்டையைப் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. எப்படி என்பதில்தான் சண்டை.

நீ அப்போது பாலிடெக்னிக் கடைசி வருடம். நோட்டுத் தாளில் பென்சிலால் படம் போட்டு ஸ்பிரிங் பட்டறைக்கே எடுத்து வந்தாய். நீ சொன்னது எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஏளு பட்டை அப்படியே இருக்கட்டுங்ப்பா. ஹெல்பர்னு தனியா ரெண்டு தடிச்ச பட்டை வெச்சுக்கலாம். காலியாப் போறப்ப அது சும்மா இருக்கும், பாரம் ஏறுனாத்தான் வேலை செய்யும். குலுக்கலத் தாங்கற சாக்கப்சர் ரெண்டும் செத்துப்போச்சுங்க, அதையும் மாத்தீரலாம். டிரெய்லர்ல ஜெனரேட்டரக் கொஞ்சம் பின்னால தள்ளி அச்சுக்கு நேரா வெச்சா, கொக்கீல பாரமும் கொறஞ்சுரும்." இன்று உன் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நீ செய்து கொடுப்பதும் இதைத்தானே? அன்று அதை நான் கேட்ட விதம் வேறு. பட்டறை ஆட்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் பெற்ற மகன் எனக்கு வண்டிப் பாடம் எடுக்கிறானே என்பதுதான் என் காதில் விழுந்தது. "லாரிக்காரன் செய்யாததையா நீ செஞ்சுபோடப் போறே? போயிப் பரீட்சைக்குப் படி போ" என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கி, கையில் இருந்த கிரீஸைத் துடைத்துப் போட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

முழு நீளத்தில் பக்கத்துக்கு மூன்று பட்டை சேர்த்தேன். வண்டி முதுகை நிமிர்த்திக்கொண்டது. கொக்கி மாட்டினாலும் மட்டமாக நின்றது. பார்த்தாயா என்று உன்னிடம் மார்தட்டினேன். ஆனால் பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாக ஓட்டினால் ரோட்டில் கிடக்கிற தீக்குச்சி கூட முதுகெலும்பில் தெரியும். மாசாணியம்மனைக் கும்பிட ஆனைமலைக்குப் போக வேண்டுமென்றால் உங்கம்மா பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். நீயும் சும்மா இருக்கவில்லை. "கெளட்ட மாட்டீங்கன்னாப் போச்சாதுங்க. காலியா ஓட்டறப்ப நாலு மூட்டை மணலாச்சும் பின்னால போட்டுக்குங்ப்பா. தூக்கிப் போடறது பாதி கொறஞ்சுரும்" என்றாய். "மணல் யாவாரத்துல எறங்கீட்டேன்னு ஊருக்குள்ள பேசறதுக்கா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அந்த வருடந்தான் உன் அக்காவுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு விருந்து வைத்து அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர, சம்பந்தி வீட்டில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதே கொடுமுடியில் ஒரு கோயில் நோம்பிக்கு விட்டிருந்த நம் ஜெனரேட்டரும் அன்றைக்குத்தான் திரும்ப வேண்டும். மறுநாள் அது காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிற்க வேண்டும். ஒரே டீசலில் இரண்டு வேலை என்று கணக்குப் போட்டேன். விருந்து முடிந்து கிளம்பும்போது டிரெய்லரைப் பார்த்துச் சம்பந்தி முகம் சுருங்கியது. "ஏனுங்க, நம்ம அம்பாசிடர் சும்மாதானுங்க நிக்குது. டிரைவரும் இருக்கறான். அம்மணிய அதுல அனுப்பிப் போடலாமுங்களே" என்றார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான் என்று பேர் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "பின்னால லோடு இருக்கறதுதானுங்க நல்லது, வண்டி தூக்கிப் போடாது. புள்ளைக்காவத்தான் மாட்டியிருக்கறேன்" என்று சொன்னேன். பாரம் இருந்தால் தூக்கிப் போடாது என்பது பொய் இல்லை. பிள்ளைக்காக மாட்டினேன் என்பது பச்சைப் பொய். இந்தப் பாரக் கணக்கே நீ சொல்லிக் கொடுத்ததுதான் என்பதை நீ கவனித்திருப்பாய்.

காங்கேயம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. முன் சீட்டில் நான், நடுவில் உங்கம்மா, ஜன்னல் ஓரம் உன் அக்கா. எலுமிச்சம்பழச் சோற்றுத் தூக்கு அவள் காலடியில் இருந்தது. பிறக்கப்போவது பையன்தான் என்று நான் சொல்ல, பெண்தான் என்று அவள் சொல்ல, சிரித்துப் பேசிக்கொண்டே வந்தோம். மண்டபத்தில் ஜெனரேட்டரைக் கழற்றினேன். கேபிள் சுருள், டீசல் பேரல் எல்லாம் இறங்கின. வண்டி காலி. இனி காங்கேயத்தில் இருந்து பல்லடம், கோயம்புத்தூர் தாண்டித் தொண்டாமுத்தூர் வரைக்கும் காலி வண்டி. அதில் பல்லடம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். உங்கம்மா மெல்ல, "இங்கிருந்து ஒரு டாக்சி வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். "இந்தா போனா வந்துருச்சு ஊடு" என்றேன்.

இதுவரைக்கும் உனக்கு ஓரளவு தெரியும். தெரியாத முதல் விஷயத்தைச் சொல்கிறேன். அந்த மண்டபத்தில் அப்போது சமையல்கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். காம்பவுண்டு ஓரத்தில் மணல் குவித்து வைத்திருந்தது. பக்கத்திலேயே காலி சிமெண்டு சாக்கு ஒரு கட்டு. மண்டபத்துக்காரர் எனக்குப் பழக்கம். கேட்டால் ஆளையே விட்டு அள்ளிக் கொடுத்திருப்பார். கால் மணி நேர வேலை. நான் அந்த மணலைப் பார்த்தேன். நீ சொன்னது ஞாபகமும் வந்தது. வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நன்றாக ஞாபகம் வந்தது. அள்ளிப் போட்டால் வீட்டில் நீ பார்ப்பாய், பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் உள்ளுக்குள் சிரிப்பாய் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்ததா என்று நான்கு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. உன் பேச்சைக் கேட்டதாக ஆகிவிடக் கூடாது என்று வண்டியை எடுத்தேன்.

பல்லடம் தாண்டுவதற்குள் உன் அக்கா இரண்டு தடவை "மெல்லப் போங்ப்பா" என்றாள். மூன்றாவது தடவை பேசாமல் கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சூலூர் பக்கம் வரும்போது வலி கண்டுவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். பெண் குழந்தை. அழவே இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். அது என்ன கனம் என்று எனக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரம்மா, "வண்டில வந்ததாலதான்னு சொல்ல முடியாதுங்க, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். பின்பாதியைப் போன வாரம் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது விஷயந்தான் உன்னைச் சேர்ந்தது. சம்பந்தி வந்து சேர்ந்தார். மனுசன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. "நாந்தான் காரை எடுத்துக்குங்கன்னு சொன்னேனுங்களே" என்று மெதுவாகக் கேட்டார். என் வாயில் இருந்து வந்தது இதுதான்: "வண்டி நல்லா இருந்த வண்டிதானுங்க. பையன் படிக்கறேன் படிக்கறேன்னு, பட்டை சேத்தறேன்னு என்னமோ பண்ணிப்போட்டான். எனக்கே இன்னிக்குத்தானுங்க தெரியுது." வார்டின் கதவு பாதி திறந்திருந்தது. உன் அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. நீ பரீட்சை எழுதிய கையோடு நான்கு இளநீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ அந்த இளநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாய்.

வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா கேட்டாள். "பையன் மேல எதுக்குங்க போட்டீங்க?" அதுதான் நான் சொன்ன முதல் தடவை. "அவன் ஆம்பளை, தாங்கிக்குவான். நான் சம்பந்தி ஊட்டு வாசப்படி மிதிக்க வேண்டாமா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என்னோடு எந்தப் பேச்சையுமே பெரிதாக எடுக்கவில்லை, அதை நீயும் பார்த்திருப்பாய். அவள் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று அவள் மேல் கோபப்படாதே. சொல்லக் கூடாது என்று உன் தலைமேல் அவள் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய். போன வாரம் நீ போன பிறகுதான் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு நீ கொடுமுடிக்கு மூன்று தடவை போனாய். மூன்று தடவையும் மாமியார் கையில் தண்ணீர் கொடுத்தனுப்பிவிட்டு உன் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அக்கா ஏனுங்ப்பா பேச மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டாய். "உடு கண்ணு, அது துக்கத்துல இருக்குது" என்று உன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிக் கொடுத்த இந்தக் கையை என்ன செய்வது? அடுத்த குழந்தை பிறந்தபோது அவள் நம் வீட்டுக்கு வராமல் அங்கேயே பெற்றுக்கொண்டாள். பேரனுக்கு இரண்டு வயதாகிறது, நம் வீட்டு வாசலை அவன் கண்டதில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்த வேண்டிய பிள்ளை. அதற்கும் பங்காளி ஒருவரைத்தான் உட்கார வைத்தார்கள். நீ பட்டறை வைக்கிறேன் என்று சூலூருக்குத் தனியாகப் போனபோது அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நீ போனாய் என்பது எனக்குத் தெரியாதா?

நீயும் லேசுப்பட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து, என்ன நடந்தது என்று நீ உலுக்கிக் கேட்டிருந்தால் அன்றே கொட்டியிருப்பேனோ என்னவோ. உனக்கு வாயை மூடிக்கொள்ளத்தான் வரும். எனக்கு அது மிகவும் சௌகரியமாகப் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அதை மட்டும் மாற்றிக்கொள். வருகிற பெண்ணிடமும் இப்படி மூடிக்கொண்டு இருக்காதே. அவள் ஒன்றை வேண்டாம் என்றால் சொன்னது சரியா என்று பார், சொன்னது யார் என்று பார்க்காதே. பின்னால் டிரெய்லர் மாட்ட வேண்டும், நாலு பட்டை சேர்த்துக் கொடு என்று பட்டறைக்கு ஒருவன் வந்து நின்றால், காலியாகத் திரும்பும்போது பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று முதலில் கேள். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை என்று எழுத வந்தேன். மணல் போட்டுக்கொள்ளச் சொன்னபோது நீ கேட்டது அதைத்தானே.

சத்தம் போட்ட மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கொடுமுடிக்குப் போனேன். சம்பந்தி, மாப்பிள்ளை, அக்கா மூன்று பேரையும் உட்கார வைத்து, இதில் எழுதியிருப்பதை அப்படியே சொன்னேன். தாளில் கிரீஸைத் துடைத்தது, மணல், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. சம்பந்தி எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப, தம்பி வேண்டாம்னு சொல்லியிருக்கறானுங்களா?"

"ஆமாங் கண்ணு."

"மணல் போட்டுக்கச் சொன்னதும் அவந்தானுங்களா?"

"அவந்தான்."

"மூணு தடவை ஊட்டுக்கு வந்தானுங்ப்பா. மூணு தடவையும் கதவச் சாத்துனேன். அவன் குடிச்சிட்டு வெச்ச சொம்பைக்கூட நான் தொடலீங்."

நான் அவள் காலில் விழப் போனேன். எட்டி நகர்ந்துகொண்டாள். பெற்றவன் விழுந்தால் தனக்குத்தான் பாவம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "விழுந்து போட்டு எந்திரிச்சு நிம்மதியாப் போயிருவீங்க" என்றாள். அவ்வளவு பேசத் தெரியும் அவளுக்கு என்று எனக்குத் தெரியாது. பிறகு அவளே சொன்னாள். "இணைச்சீருக்கு நான் வாரேன். பெரியப்பா பொண்ணெல்லாம் நிக்க வேண்டாம். தம்பிய வந்து கூப்புடச் சொல்லுங்க. அவன் எந்த வண்டி கொண்டாந்தாலும் ஏறிக்கறேன். ஆனா மேடைல நீங்க நின்னீங்கன்னா நான் படி ஏற மாட்டேன்." சரி என்றேன். சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

ஆகவே கண்ணு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் கொடுமுடிக்குக் கிளம்பு. கல்யாணம் வரைக்கும் காத்திருக்காதே. அந்த மூன்று பட்டைகளையும் நேற்றுக் கழற்றிவிட்டேன். நட்டு துருப்பிடித்துக் கை கிழிந்தது. இருந்தாலும் அந்த வண்டியைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தாதே. உன் வண்டியோ வாடகைக் காரோ எதுவானாலும் எடுத்துக்கொள். என்னைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசாதே. மன்னித்துவிடு என்று உன்னிடமும் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சரிங்ப்பா என்று சொல்லிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அது எனக்கு வேண்டாம்.

மேடையில் எனக்குப் பதிலாக உன் பெரியப்பா நிற்பார், பேசிவிட்டேன். அப்பன் எங்கே என்று யாராவது கேட்டால் ஜெனரேட்டர் பக்கம் நிற்கிறார் என்று சொல். ஊர் நம்பும். எத்தனையோ கல்யாணத்தை மண்டபத்துக்குப் பின்னால் நின்றே பார்த்தவன், இதையும் அப்படியே பார்த்துக்கொள்கிறேன். சமையல்கட்டுப் பக்கத்து ஜன்னலில் இருந்து மேடை தெரிகிறதா என்று போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. நாதஸ்வரச் சத்தம் கேட்கும், ஆனால் ஜெனரேட்டர் ஓடினால் அதுவும் கேட்காது. கரண்ட் போனால் ஒழிய என்னைத் தேட வேண்டாம்.